மணலுக்கும் தண்ணிக் கழிவு

செவலை மேல் இந்த ஜென்மத்தில் இனி ஏறமாட்டேன் என்று யோகலெட்சுமி சொன்னபோது அவள் ஒரு தேயிலைச் செடிக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்கப் பனி ஈரம். கொண்டையில் ஒரு கொப்பு செருகி நின்றது. காலைச் சாப்பாட்டு ரொட்டியும் சம்பலும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தன.

செவலை என்பது மாடு அல்ல. தயாபரனுடைய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் பைக். முப்பது வயது தாண்டியது, உடம்பெல்லாம் வெளுத்துப்போன சிவப்பு. மடுல்சீமைப் பக்கத்தில் கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்து வரிசை வீடுகளில் அதற்கு ஒரு தனிக் கொட்டில் உண்டு. தயாபரன் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். வேலை விட்டு வந்ததும் பெண்டாட்டி தரும் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே செவலையைத் துடைக்கத் தொடங்கிவிடுவான். அந்தப் பாசத்துக்கு அது செய்த கைம்மாறுதான் அன்றைக்குக் கோயில் வளைவில் நடந்தது.

முனியாண்டி கோயிலைச் சுற்றிப் பாதை சட்டென்று ஒடிகிற இடம் அது. தயாபரன் வேகமாகப் போகவில்லை. சாமி சத்தியமாகப் போகவில்லை. ஆனால் பைக்கை எவ்வளவு சாய்த்தாலும் முன்சில்லு திரும்ப மனமில்லாமல் வெளியே வெளியே போனது. கானைத் தாண்டித் தேயிலைக்குள் பாய்ந்து நின்றது.

யோகலெட்சுமிக்கு ஒரு கீறலும் இல்லை. அதுதான் தயாபரனுக்குப் பெரிய கஷ்டமாகிப் போனது. அடி பட்டிருந்தால் எண்ணெய் தேய்த்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, எப்படியாவது சமாதானம் ஆகியிருக்கலாம். முழுசாக இருக்கிற பெண்டாட்டியை எதைச் சொல்லித் தேற்றுவது?

அவளுக்கோ சனிக்கிழமைகள் உயிர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையை மாட்டியவள். எட்டு வருஷம் கொழுந்து எடுத்தாள். இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முன்பள்ளி டீச்சர் ஆகிவிட வேண்டும் என்று சனிக்கிழமை தோறும் செவலையில்தான் பதுளைக்கு வகுப்புக்குப் போய் வந்தாள். கடைசியாக ஒரு செய்முறைப் பரீட்சை மட்டும் பாக்கி. வருகிற சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு.

செவலையைக் கைவிட்ட பிறகு, போன சனிக்கிழமை கடைசி வகுப்புக்குப் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பசறைக்கு முன்னாலேயே பஸ்ஸில் புகை கிளம்பிவிட்டது. அவள் போய்ச் சேரும்போது வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "பரீட்சைக்கும் இப்படி வந்தா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது மகள். அடுத்த வருஷம்தான்" என்று வகுப்பு நடத்தும் பலீலா டீச்சர் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் என்ற சொல்லை யோகலெட்சுமி பதினாறு வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை, அவனோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலையிலேயே தயாபரன் பதுளைக்குப் போய் மபாஸின் கடையில் நின்றான். மோட்டார் சைக்கிள் சாமான் கடை. செவலையை அவனுக்குத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததே மபாஸ்தான். மபாஸ் மீன் வைத்த ஒரு மாலு பணிஸைப் பிய்த்துப் பாதியைக் கையில் கொடுத்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டான். பிறகு வெளியே வந்து செவலையின் பின்சீட்டை இரண்டு கையாலும் அமுக்கினான். அது தொளதொளவென்று இறங்கிப் போனது.

"மச்சான், இத முன்ன வச்சிருந்தது யாரு தெரியுமா? பண்டாரவளையில ஒரு பொடியன். ஆள் ஈர்க்கில் மாதிரி. பின்னால ஒரு ஆள ஏத்தினதே இல்ல. அவன்ட பாரத்துக்கு வச்ச ஸ்பிரிங்கு, அப்படியே கிடக்கு."

"நான் அதுல கையே வைக்கலியே."

"அதத்தான் சொல்றேன். நீ கலியாணம் முடிச்சி எத்தின வருஷம்?"

"மூணு."

"ஊருக்கெல்லாம் சொல்லி, சோறும் போட்டு முடிச்ச. பைக்குக்கு யாரு சொன்ன? ஒன்ட ஸ்பிரிங்குக்கு நீ இன்னமும் தனியாள்தான்."

தயாபரன் சிரித்து மழுப்பிவிட்டு கையிலிருந்த பணிஸைத் தின்றான்.

"பின்னால ஆள் ஏறினா வால் கீழ போகுது, மூக்கு மேல போகுது" என்று மபாஸ் கையைச் சாய்த்துக் காட்டினான். "மூக்கு தூக்கின பைக்கு வளைவில திரும்புமா? வெளியதான் இழுக்கும். இந்தா, ஸ்பிரிங்கச் சுத்தி ரிங்கு இருக்கு பாரு. இந்தக் கொக்கி ஸ்பேனரப் போட்டு இறுக்கினா வால் தூக்கும். ஆனா கண்டபடி இறுக்கிராத. இறுக்கம் கூடினா ஒவ்வொரு குழியிலயும் கழுத மாதிரி உதைக்கும், வளைவில பின்சில்லு துள்ளும்."

"அப்ப எவ்வளவு?"

"பின்சில்ல நிலத்தில படாமத் தூக்கி வச்சி ஒருக்கா அள. பொறகு நீயும் அவவும் ஏறி இருந்து ஒருக்கா அள. ஸ்பிரிங்கு மொத்தமா இறங்கக்கூடிய தூரத்தில மூணுல ஒரு பங்குதான் இறங்கணும். இன்னொண்ணு, சீலையோட ஒரு பக்கமா இருக்க வேணாம்னு சொல்லு. ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கணும்."

"அவ ஏறமாட்டா மபாஸ். அந்தப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டேங்குறா."

மபாஸ் கொக்கி ஸ்பேனரை அவன் கையில் வைத்தான். "அப்ப அவட பாரத்துக்கு ஒரு மூட்டையக் கட்டு. ஸ்பிரிங்குக்கு ஆள் முகம் தெரியவா போகுது?"

யோகலெட்சுமியின் பாரம் தயாபரனுக்குத் தெரியும். போன மாதம் தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறுத்துவிட்டு வந்து, "நாப்பத்தெட்டுதான் இருக்கேன், நீங்க எனக்கு என்னாத்தப் போட்டு வளக்குறீங்க?" என்று அவளே கேட்டிருந்தாள். ஆற்றிலிருந்து மணல் அள்ளி மூன்று உரப்பைகளில் கட்டினான். தோட்டத்தில் நிறுப்பதென்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவம்தான். அங்கே தொங்குகிற தராசு கொழுந்துச் சாக்குக்கு உள்ளது, ஒரேயடியாக நாற்பத்தெட்டைத் தாங்காது. உரப்பை ஒன்றுக்குப் பதினாறாக மூன்று தடவை நிறுத்தால் போதும் என்று கணக்குப் போட்டான்.

அவன் போனபோது அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. மழைத் தூற்றல். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கும் கொழுந்துச் சாக்குமாக வரிசையில் நின்றார்கள். தராசின் முகம் நிறையைச் சொல்லி எழுதும் கணக்கப்பிள்ளையைப் பார்த்து இருந்தது. எந்தக் காலத்திலும் அது வேறு பக்கம் திரும்பி இருந்ததில்லை.

"பதினெட்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

"என்னாங்கய்யா, கை ஒடிய ஒடிய எடுத்திருக்கேன். பதினெட்டா?" என்றாள் சாக்குக்காரி.

"சாக்கு இருக்கு, தண்ணி இருக்கு. எல என்னா வெயில்ல காஞ்சா வந்திருக்கு? அடுத்த ஆளு!"

தயாபரன் இந்தப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்கிறான். லயத்துத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மாதிரி அது காதில் விழும், மனதில் தங்காது. ஸ்டோர் வேலைக்காரன். கூடையைச் சுமந்து அந்த வரிசையில் அவன் ஒரு நாளும் நின்றதில்லை.

வரிசை முடிந்ததும் மணல் பையை மாட்டினான். கணக்கப்பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னாப்பா தயாபரன், ஆத்து மணல்ல கொழுந்து விட்டிருக்கா?"

"யோகாவோட பாரத்துக்கு ஒரு மூட்டை வேணுங்கய்யா. பைக்குக்கு."

"பொண்டாட்டி இருக்கிறப்ப மூட்டை எதுக்கு?"

"அவ ஏறமாட்டேங்குறாளே."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே முள்ளைப் பார்த்து, "பதினாலு" என்றார். இன்னும் கொஞ்சம் மணல் போட்டான். "பதினஞ்சு." இன்னும் இரண்டு கை. "பதினாறு. சரி, எடுத்திரு." மூன்று உரப்பைகளுக்கும் இதே கதை. மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டித் தூக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. யோகாவைத் தூக்கும்போது இப்படி வாங்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. மணல் செத்த பாரம், மனுசி அப்படியா என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாள் முழுக்க ரிங்கோடு மல்லுக்கட்டினான். பக்கத்துக் காம்பரா சந்திரபோஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, சந்திரபோஸின் பெண்டாட்டி ராசம்மா ரவிக்கை தைக்கிற டேப்பைப் பின்சில்லு அச்சிலிருந்து சீட்டு விளிம்பு வரை பிடித்து அளந்தாள். கொக்கியைப் போட்டுத் திருகுவது, சாக்கைப் பின்சீட்டில் வைத்து ஏறி உட்காருவது, இறங்குவது, மறுபடி திருகுவது. கடைசியில் மபாஸ் சொன்ன பங்கு சரியாக வந்தது. மழையில் மணல் நனைந்து பாரம் கூடிவிடக் கூடாது என்று சாக்குக்கு யோகலெட்சுமியின் பழைய மழைக்கோட்டை மாட்டி, சீட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதைக்கு இறங்கினான்.

செவலை ஓடியதே ஓட்டம்! கோயில் வளைவில் லேசாகச் சாய்த்ததும் கோடு போட்டது போல் சுற்றி வந்தது. திரும்பவும் போனான், திரும்பவும் வந்தான். தயாபரனுக்கு முனியாண்டிக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது, போட்டான்.

அவன் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. யோகலெட்சுமி அடுப்பில் மிலாறுச் சுள்ளியை ஒடித்துச் செருகியபடி, முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"எனக்குப் பதிலா மண்ணக் கட்டிக்கிட்டு ஊரச் சுத்துனீங்களாமே."

"யோகா, அது வந்து..."

"என் கோட்டையும் போட்டுவிட்டீங்களாமே. நல்லது. அது வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காது, உங்களுக்கு வசதிதான்."

ஆனாலும் அவள் பேசினாளே, அதுவே தயாபரனுக்குப் பெரிதாக இருந்தது. அன்றைக்கு ரொட்டியில் ஒன்று கூடவே தின்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அடை மழை. கீழே பாதையில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடிவிட்டது, பைக்கும் ஆட்டோவும்தான் போகலாம், காலையில் பஸ் வராது என்று செய்தி வந்தது. தோட்டத்தில் இருந்த ஒரே ஆட்டோ லுணுகலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. யோகலெட்சுமி பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். பரீட்சைக்காகச் செய்து வைத்த துணிப் பொம்மைகள் பையோடு மடியில் இருந்தன. வெகு நேரம் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயில் வளைவு வரைக்கும் வருவேன்" என்றாள் கடைசியில். "சரியில்லன்னா அங்கயே எறங்கிருவேன். பொறகு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ராசம்மாவின் மகளுடைய சுரிதாரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். தயாபரன் பூவை ஏந்துவது போல ஓட்டினான். என்ன பலன்? முதல் குழியிலேயே சீட்டு அவளைத் தூக்கிப் போட்டது. இரண்டாவது குழியில் அவள் முகவாய் அவன் முதுகில் இடித்தது. மணல் மூட்டையை ராணியைப் போலச் சுமந்து போன செவலை, அவளை முறத்தில் அரிசி புடைப்பது போலப் புடைத்தது. கோயில் வளைவில் பின்சில்லு தடதடவென்று துள்ளியது.

"நிறுத்துங்க!"

நிறுத்தினான். அவள் இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். மழை வெறித்து, பள்ளத்திலிருந்து மேகம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. தயாபரனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரம் மூச்சைப் பிடித்துச் செய்த வேலை. கடைசியில் அவள் பரீட்சையைத் தானே கெடுத்தாயிற்று.

"மூட்டைய வச்சுப் பாக்குறப்ப நல்லாத்தான் ஓடுச்சு யோகா. உன் பாரம்தான் அதுல இருந்துச்சு. நாப்பத்தெட்டு. ஒரு கிலோ கூடல, கொறையல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "எங்க நிறுத்தீங்க?"

"கொழுந்து மடுவத்துல."

"தராச யாரு பாத்தா?"

"கணக்கப்பிள்ளை ஐயாதான். மூணு பையில, பையிக்குப் பதினாறா..."

அவன் முடிக்கவில்லை. யோகலெட்சுமியின் முகத்தில் ஏதோ ஒன்று குலைந்தது. உதட்டைக் கடித்தாள். பிறகு கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். குனிந்து, வயிற்றைப் பிடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டு வாரமாக அவன் கேட்காத சிரிப்பு.

"ஏங்க, அந்த மனுசன் வாயில என்னைக்கு நெசமான நெறை வந்துச்சு? சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு மூணு. முள்ளு இருபதக் காட்டுனா வாய் பதினாறுன்னு சொல்லும். முப்பது வருசமா அப்படியே சொல்லிச் சொல்லி, அவருக்கே தெரியாது அவரு கழிக்கிறது!"

"மண்ணுக்குமா?"

"மண்ணுக்கும்தான்! மணலுக்கும் தண்ணிக் கழிவு போட்டிருக்காரு. அதுவும் மூணு தடவ! எட்டு வருசம் அந்த வரிசையில நின்னவ வீட்டுலயே இருக்கேன், ஒரு வார்த்த கேக்கல நீங்க."

"நீதான் பேசலியே" என்றான் தயாபரன். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தெட்டுக்குப் பதில் அறுபது கிலோவை ஏற்றி வைத்து அளந்துவிட்டு, அந்தச் சீட்டில் இவளை உட்கார வைத்திருக்கிறான்! உதைக்காமல் என்ன செய்யும்?

பைக்கைத் தள்ளிக்கொண்டே லயத்துக்கு ஏறினார்கள். வெளிச்சம் போகுமுன் அளந்துவிட வேண்டும். சந்திரபோஸ் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். ராசம்மா டேப்போடு குந்தினாள். லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"ரோட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காரணும்" என்றார் சந்திரபோஸ், ஏதோ தானே இதைக் கண்டுபிடித்தவர் போல. "சும்மா கூச்சப்பட்டுக்கிட்டு தள்ளி உக்காந்தா அளவு பிழைச்சிரும்."

யோகலெட்சுமி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அத்தனை பேர் பார்க்க, தயாபரனின் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் போட்டுக் கட்டிக்கொண்டாள். யாரோ விசில் அடித்தார்கள். தயாபரனுக்குக் காது வரை சூடேறியது. ராசம்மா அளவு சொன்னாள். இறங்கினார்கள், ரிங்கைத் தளர்த்தினான், ஏறினார்கள். மறுபடி இறங்கி, மறுபடி ஏறி. ஒவ்வொரு தடவையும் அவள் அதே மாதிரி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அளவு சரியாக வந்த பிறகும் தயாபரன், "இன்னும் ஒருக்கா பாத்திருவமா?" என்று கேட்டான். "போதும் எறங்குங்க, ஊரே பாக்குது" என்று முதுகில் ஒரு குத்து விழுந்தது.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினார்கள். பொம்மைப் பை இருவருக்கும் நடுவில். பனி கலையவில்லை, தேயிலை மட்டும் பாதையோரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. கோயில் வளைவு நெருங்க நெருங்க தயாபரனின் கை தானாகவே தளர்ந்தது. செவலை நத்தையாக ஊர்ந்தது.

"ஏன் இப்படிப் போறீங்க?"

"வளைவு வருது யோகா."

"தெரியுது. நான்தானே பயப்படணும்? நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" பின்னாலிருந்து அவள் பிடி இறுகியது. "எட்டு மணிக்கு நான் அங்க இருக்கணும். போங்க."

அவன் சாய்த்தான். அவளும் அவனோடு சேர்ந்து சாய்ந்தாள். செவலை ஒரு முனகலும் இல்லாமல் வளைந்து, கோயிலைச் சுற்றி, அடுத்த நேர்ப் பாதையில் நிமிர்ந்தது. பின்னால் அவள் பெருமூச்சு விட்டது அவன் கழுத்தில் பட்டது. மண் சரிந்த இடத்தை இறங்கித் தள்ளிக் கடந்தார்கள். பதுளையில் பரீட்சைக் கட்டிட வாசலுக்கு வந்தபோது பலீலா டீச்சர் அப்போதுதான் குடையை மடித்துக்கொண்டிருந்தார். யோகலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்காமல் பையோடு உள்ளே ஓடினாள். தயாபரனுக்கு அதில் வருத்தம் இல்லை, நெஞ்சு நிறைந்து நின்றான்.

மபாஸின் கடைக்கு அவன் தனியாகப் போய் இறங்கும்போது, நகரத்துக் குழிகள் எல்லாம் அவன் முதுகெலும்பை விசாரித்திருந்தன. மபாஸ் சிரித்தான்.

"தனியா ஓடுறதுன்னா ரிங்க இறக்கி வை மச்சான். இடுப்பு கழண்டு போகும். ரெண்டு நிமிஷ வேல."

தயாபரன் கொக்கி ஸ்பேனரை எடுத்தான். குனிந்து ரிங்கைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைத் திரும்பவும் தோள்பைக்குள் போட்டான்.

"இருக்கட்டும். இனி இது இப்படியே இருக்கட்டும்."

பொழுது சாயும் நேரத்தில் யோகலெட்சுமி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பலீலா டீச்சர் எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து, "நீங்க பாஸ் மகள்" என்று சொன்னாராம். அவன் பொம்மைப் பையை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். செவலை லேசாக இறங்கித் தன் அளவில் நின்றது.

பசறை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவள் காதோரம் வந்து பேசினாள்.

"ஏங்க, அந்த மணல என்னா செஞ்சீங்க?"

"கொட்டில்லதான் இருக்கு. ஏன்?"

"பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக் குடுங்க. கடையில வாங்காம பிள்ளைங்க விளையாட என்னா வைப்பீங்கன்னு பரீட்சையில கேட்டாங்க. மணல்னு சொன்னேன், எங்க வீட்டுலயே ஒரு மூட்டை இருக்குன்னு. எத்தின கிலோன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"கழிச்சா, கழிக்காமலான்னு கேட்டுட்டேன்."

தயாபரன் சிரித்த சிரிப்பில் கைப்பிடி ஆடியது. "ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க" என்று அவளும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுத்த வளைவு வந்தபோது அவள் தலையை எடுக்கவில்லை.